வடை பாயசம் வந்தால்

குடமுருட்டிப் பாலம் இன்னும் தாண்டவில்லை, அதற்குள் லூர்து மேரி வாந்தி எடுத்துவிட்டாள். எடுப்பாள் என்று எனக்குக் காலையிலேயே தெரியும். ஆறு இட்லியைப் பிசைந்து பிசைந்து அவள் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோதே தெரியும், இவளை வேனில் முன் சீட்டில் உட்கார வையுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற ரெஜினா மேடம் அதையும் எழுதிக்கொள்வார், அம்சவேணி இன்னமும் மற்றவர்கள் சாப்பிடுவதையே கவனிக்கிறார் என்று. இப்போது அந்த இட்லி சாம்பாரோடு, பாதிப் பச்சை மிளகாயோடு, என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளிக் கிடக்கிறது. வேன் வளையும்போதெல்லாம் அதுவும் கொஞ்சம் நகர்ந்து வருகிறது. மூக்கைப் பொத்தக் கூடாது. காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பலாம், வேடிக்கை பார்ப்பதை யாரும் வியாதி என்று எழுத முடியாது. ஆனால் ஜன்னல் சீட்டில் பூங்காவனம் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பினால் அவள் முகம்தான், வாயோரத்தில் காய்ந்த சட்னி, பல்லிடுக்கில் கறிவேப்பிலை. "அக்கா, லூர்து மறுபடியும் கக்கிட்டா பாத்தீங்களா" என்று என் காதுக்குள் வந்து சொல்கிறாள், மூச்சு சூடாக என் கழுத்தில் படுகிறது. ஐந்து வருஷமாக இவள்தான் என் அறையில் பக்கத்துக் கட்டில். ஐந்து வருஷமாக இந்த மூச்சு. எனக்கு இவர்கள் எல்லோரையும் பார்த்தால் குமட்டுகிறது. இதை வாயைத் திறந்து சொல்லாமல் சாயங்காலம் வரை ஓட்டிவிட்டால் மாடி அறை எனக்கு.

மாடி அறை இல்லத்துக்குப் பின் தெருவில் இருக்கிறது. ஒற்றை அறை, ஓரமாக ஒரு சமையல் மேடை, தனிக் கக்கூஸ், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். இல்லத்தில் எந்தக் கதவுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. மனநலம் தேறிய பெண்கள் என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள், தேறியவர்கள் குளிக்கும்போது யார் வேண்டுமானாலும் கதவைத் தள்ளிக்கொண்டு வரலாம். மாடி அறைக்குத் தகுதியான ஆள் என்று மூன்று மாதமாக லிஸ்டில் என் பெயர் இருக்கிறது. ரெஜினா மேடம் கையெழுத்துப் போடவேண்டும். வியாழக்கிழமை கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "அம்சவேணி, ஞாயித்துக்கிழம எல்லாரும் முக்கொம்பு போறோம். நீங்க எல்லாரோடயும் எப்படி ஒத்துப்போறீங்கன்னு பாத்துட்டுத்தான் நான் எழுதுவேன். போன தடவ மாதிரி தனியா போயி கைய கழுவிக்கிட்டே நின்னீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." என் ஃபைல் இப்போது அவர் மடியில் இருக்கிறது, முன் சீட்டில், கண்ணாடி வழியாக அவர் பின்னால் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. அதனால் நான் எழுந்தேன். காலடியில் கிடந்த பழைய பேப்பரை எடுத்து, குனிந்து, சிரித்த முகமாக, அந்த வாந்தியின் மேல் போட்டேன். "பரவால்ல லூர்து, இப்ப சரியாயிடும்" என்று வேறு சொன்னேன். பேப்பர் நனைந்து என் நடுவிரலில் ஒட்டியது. ஒரு கணம்தான். அதற்குப் பிறகு அந்தக் கை என்னுடையது இல்லை. மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு ஜீயபுரம் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. இதே கையால் பத்தொன்பது வருஷம் ஒரு லேபில் வேலை பார்த்தேன். சளி, மூத்திரம், மலம், எல்லாம் சின்னச் சின்ன டப்பாவில் வரும், மேலே பெயர் எழுதி ஒட்டி, குச்சியால் தொட்டு, கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு அப்படியே போய் டிபன் பாக்ஸைத் திறப்பேன். ஒன்றும் தோன்றாது. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தால் எதுவும் ஒட்டாது என்று ஒரு நினைப்பு. மேடம் ரிசல்ட் எப்ப வரும், மேடம் பயப்படும்படி ஒண்ணுமில்லையே என்று வரிசையில் நிற்பார்கள். பிறகு ஒருநாள் எப்படி வந்தது என்று தெரியாமல் வந்தது. முதலில் பஸ் கம்பி. அப்புறம் சில்லறைக் காசு. அப்புறம் வீட்டுக்காரர் இருமினால் அந்த அறைக்குள் போக மாட்டேன். அப்புறம் பரிதி. பரிதி பள்ளிக்கூடம் விட்டு வருவான், மூன்றாம் வகுப்பு, கையெல்லாம் மண், அவனைக் குழாயடியில் உட்கார வைத்துத் தேய்ப்பேன், முதலில் சோப்பு, பிறகு டெட்டால், பிறகு ஒருநாள் தரை துடைக்கிற பினாயில். பிள்ளை கத்தினான், நான் அவனைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன், தோல் உரிந்து வெள்ளையாக வந்தபோது அழுக்கு போகிறது என்று நினைத்தேன். வேண்டாம். இன்று அங்கே போக வேண்டாம். அவன் ஓசூரில் வேலையாக இருக்கிறான், மாதம் ஒருமுறை போன் பண்ணுகிறான், மாடி அறை கிடைத்தால் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். இல்லத்துக்கு வர மாட்டான். பதினாலு பொம்பளைகள் நடுவில் உட்கார்ந்து அம்மாவோடு எப்படிப் பேசுவது என்கிறான், அதுவும் நியாயம்தான். அறை என்றால் வருவான், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு டீ போட்டுக் கொடுக்கலாம். நடுவிரல் நுனியில் இன்னும் ஈரம் இருக்கிற மாதிரியே இருக்கிறது, இல்லை, காய்ந்துவிட்டது, காய்ந்தால் இன்னும் மோசம், காய்ந்தால் தூளாகிப் பறக்கும்.

முக்கொம்பு அணையில் இறங்கியதும் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து எண்ணினார்கள். பதினாலு. எல்லோருக்கும் மஞ்சள் பனியன், முதுகில் இல்லத்தின் பெயர், கீழே போன் நம்பர், காணாமல் போனால் கண்டவர்கள் கூப்பிடுவதற்கு. ஆட்டோ முதுகில் எழுதியிருக்கிற மாதிரி. நான் மட்டும் போடவில்லை. என்னுடையதை ராத்திரி வாளியில் ஊறப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன் என்று காலையில் சொன்னேன், மறக்கவெல்லாம் இல்லை, அந்தப் பனியன் போன வருஷம் வேறு யாரோ போட்டது, அக்குள் பக்கம் பழுப்பாக இருக்கும். கஞ்சி போட்டுத் தேய்த்த என் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தேன். ரெஜினா மேடம் புடவையைப் பார்த்தார், எழுதினாரா என்று தெரியவில்லை. குழாயடியில் எல்லோரும் முகம் கழுவினார்கள், நானும் கையை நீட்டினேன், ஒரு தடவை, ஒரே தடவை, எவ்வளவு நேரம் கழுவினால் மனுஷர் கழுவுகிற மாதிரி இருக்கும் என்று எனக்கு இப்போது அளவே தெரியவில்லை, பக்கத்தில் கழுவிக்கொண்டிருந்த சபியாவைப் பார்த்து அவள் எடுத்தபோது நானும் எடுத்துவிட்டேன். போதவில்லை. மதகு வழியாகத் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. அவ்வளவு தண்ணீர். புங்க மரத்தடியில் ஜமுக்காளம் விரித்தார்கள். சுற்றிலும் ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்கள், புளிசோறு, எலுமிச்சைச் சோறு, தரையெல்லாம் எச்சில் இலை, அதில் ஈ. எங்கள் மஞ்சளைப் பார்த்ததும் ஒரு அம்மா தன் பிள்ளையைக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளை வெறுப்பதா, இல்லை அவள் எதைப் பார்த்து இழுத்தாளோ அதை வெறுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டையும் வெறுத்தேன்.

பன்னிரண்டரைக்குச் சோறு போட்டார்கள். பூங்காவனம் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் இருந்தாள். "சாப்பிடேன்" என்றேன். "இன்னிக்கி யாரு குடுத்ததுக்கா?" என்றாள். யாரும் கொடுக்கவில்லை, இல்லத்துச் சோறுதான் என்றேன், அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இல்லத்தில் வாரம் இரண்டு நாள் யாராவது சோறு கொடுப்பார்கள், பிறந்த நாளென்றும் செத்த நாளென்றும். காரில் வந்து இறங்கி அண்டாவோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் எழுந்து நின்று கைகூப்பி அவர்களுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும், அதற்கப்புறம்தான் தட்டில் கைவைக்கலாம். பூங்காவனத்துக்கு நல்ல சாரீரம், அவள்தான் சொல்லிக்கொடுப்பாள், நாங்கள் பின்னாலேயே சொல்வோம். வாழ்த்து ஒன்று, சாந்தி ஒன்று, இரண்டு பாடம். எதை எப்போது சொல்வது என்று அவளே ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். கேக்கோ லட்டோ வந்தால் பிறந்த நாள். வடை பாயசம் வந்தால் செத்த நாள். ஐந்து வருஷத்தில் ஒருநாளும் தப்பினதில்லை. முன்னே பின்னே தெரியாதவனுடைய ஆத்மாவுக்காக வாயில் எச்சிலை அடக்கிக்கொண்டு நிற்கிறோமே என்று எனக்கு மட்டும்தான் ஆத்திரமாக வரும், அவளுக்கு அதில் பெருமை. நம்மாலயும் ஒருத்தருக்கு ஒண்ணு ஆவுது பாருங்கக்கா என்பாள். புளிசோற்றை நான் இடது கையால் ஸ்பூனில் எடுத்தேன். வலது கையை மடியிலேயே வைத்திருந்தேன். ரெஜினா மேடம் பார்க்கிற மாதிரி இருந்தது, உடனே வலது கைக்கு ஸ்பூனை மாற்றினேன், வாய்க்குக் கொண்டுபோனேன், நடுவிரல் என் உதட்டுக்கு அரை அங்குலத்தில் இருந்தது, விழுங்கினேன், தண்ணீரை ஊற்றி உள்ளே தள்ளினேன்.

அந்தப் பெண் வந்தது அப்போதுதான். அடுத்த மரத்தடியில் ஒரு பெரிய குடும்பம், நடுவில் மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் சம்பங்கி மாலை, வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். அவருடைய மகள் போலிருக்கிறது, முப்பத்தைந்து வயது இருக்கும், இரண்டு கையிலும் தூக்கோடு எங்கள் ஜமுக்காளத்துக்கு வந்தாள். முகத்தில் நல்ல சிரிப்பு. "எல்லாரும் கொஞ்சம் எடுத்துக்கங்க, எங்கப்பா பேர்ல குடுக்கறோம்" என்றாள். ஒரு தூக்கில் உளுந்து வடை. இன்னொன்றில் சேமியா பாயசம். நான் பூங்காவனத்தைப் பார்த்தேன். அவள் வடையைப் பார்த்தாள், பாயசத்தைப் பார்த்தாள், அந்தப் பக்கம் திரும்பி மாலையைப் பார்த்தாள். "அய்யா பேருங்கம்மா?" என்றாள், எப்போதும் கேட்கிற மாதிரி, மரியாதையாக. "வைத்திலிங்கம்" என்றாள் அந்தப் பெண். பூங்காவனம் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து, அவள் எழுந்து, பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு, கைகூப்புவதற்குள் எனக்கு நிறைய நேரம் இருந்தது. பனியனைப் பிடித்து இழுத்திருக்கலாம், அடியே அவர் உயிரோட இருக்கார்டி என்று சொல்லியிருக்கலாம். இழுக்க வேண்டுமானால் அவளைத் தொட வேண்டும், சொன்னால் எல்லோரும் பார்க்கிற இடத்தில் நான் இவளைச் சேர்ந்தவள் என்று ஆகும். நான் கொஞ்சம் நகர்ந்து ஜமுக்காளத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசை கூட இருந்தது, நடக்கட்டும் என்று. அசிங்கப்படட்டும் என்று. அதை நான் மறைக்கப்போவதில்லை.

"காலஞ்சென்ற அய்யா வைத்திலிங்கம் அவர்களின்" என்றாள் பூங்காவனம், கணீரென்று, மதகுச் சத்தத்தையும் தாண்டி. மற்ற பதினொரு பேரும் எழுந்து நின்று பின்னாலேயே சொன்னார்கள். "ஆத்மா சாந்தியடையவும். அன்னாருக்கு ஆண்டவன் நித்திய இளைப்பாறுதலைத் தரவும். அவரைப் பிரிந்து வாடும் குடும்பத்தார்க்கு ஆறுதல் உண்டாகவும்." பிறகு பழக்கப்படி கண்ணை மூடி ஒரு நிமிஷம் மௌனம். அந்த ஒரு நிமிஷமும் பன்னிரண்டு மஞ்சள் பனியன்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றன, அவர்களுக்கு எதிரில் மாலை போட்ட பெரியவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கையிலிருந்த தூக்கு சாய்ந்து பாயசம் அவள் காலில் ஊற்றியது. அழ ஆரம்பித்தாள். அவளுடைய புருஷன் ஓடி வந்தான். "எழுவதாவது பொறந்த நாளுய்யா அவருக்கு. நல்ல நாளும் அதுவுமா எங்க காதால இத கேக்கணுமா? யாருய்யா இந்த லூசுங்கள எல்லாம் வெளிய கூட்டியாந்தது?" ரெஜினா மேடம் கழிப்பறைப் பக்கம் லூர்துவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தவர் அப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருந்தார், தூரத்திலிருந்து ஓட ஆரம்பித்தார். பூங்காவனம் கண்ணைத் திறந்தாள். சரியாகச் சொன்னோமே என்று எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவர் மட்டும் சிரித்தார். "விடுங்க மாப்ள, எப்பவோ ஒரு நாள் சொல்லப் போறதுதான, நான் என் காதாலயே கேட்டுட்டேன்" என்றார். அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அந்தப் பெண் சுற்றிப் பார்த்தாள், பனியன் போடாத ஒரே ஆள் நான். நேராக என்னிடம் வந்தாள். "மேடம், நீங்கதான் இவங்கள பாத்துக்கறவங்களா?" மேடம் என்று யாரும் என்னைக் கூப்பிட்டு பதினைந்து வருஷம் ஆகிறது. உடம்பில் அந்த வெள்ளைக் கோட்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது, முதுகு தானாக நிமிர்ந்தது. "ஆமாம்மா" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். வாய் தானாகப் போனது. "மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. இதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லிக் குடுத்தத சொல்லும், அவ்வளவுதான். இதுங்க சொல்லி ஒண்ணும் ஆவாது." இவங்க என்று சொல்லியிருக்கலாம். ஒரு எழுத்து கூட அதிகமில்லை. இதுங்க என்றுதான் வந்தது, ஆட்டையும் மாட்டையும் சொல்கிற மாதிரி, அதுவும் அவ்வளவு சரளமாக. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்தாள், வலது கையை, அந்தக் கையை. "உங்களுக்குப் பெரிய மனசு மேடம். எப்படித்தான் இதுங்களோட நாள் பூரா இருக்கீங்களோ, எனக்கா இருந்தா குமட்டிரும்." அவள் விரல் என் நடுவிரல் மேலேயே இருந்தது, வாந்தி பட்ட இடத்தில். எனக்குக் குமட்டியது. எப்போதும் தொண்டையிலிருந்து மேலே வருவது இப்போது அதற்கும் கீழே எங்கோ இருந்து வந்தது, அவள் மேல் இல்லை, விரல் மேல் இல்லை, பூங்காவனத்தின் மேல் நிச்சயமாக இல்லை. கழுவுகிற இடம் எதுவென்று தெரிந்தால் இப்போதே போய்க் கழுவியிருப்பேன். அவள் கையை விடும் வரை சிரித்துக்கொண்டே நின்றேன்.

அவர்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு தூரத்து மரத்துக்குப் போய்விட்டார்கள். ரெஜினா மேடம் மூச்சு வாங்க வந்து என் தோளில் கைவைத்தார். "நான் கேட்டுட்டுதான் வந்தேன் அம்சவேணி. வேற யாரா இருந்தாலும் பெரிய சண்டையாயிருக்கும். நல்லா நிதானமா பேசுனீங்க. கைய கூட உதறல. எனக்கு இதுக்கு மேல பாக்க வேண்டியதில்ல, இன்னிக்கே எழுதிடறேன்." எல்லாவற்றையும் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. ஃபைலைத் திறந்து மரத்தில் சாய்ந்துகொண்டு எழுத ஆரம்பித்தார். ஐந்து வருஷம் நான் கேட்டது இதுதான், கிடைத்துவிட்டது, சந்தோஷமாக இருக்க வேண்டும். பரிதிக்கு ராத்திரி போன் பண்ணலாம். எப்படிக் கிடைத்தது என்று கேட்க மாட்டான், அவன் எதையும் கேட்பதில்லை. ஜமுக்காளத்தில் அவள் விட்டுப்போன வடையை ஆளுக்கு ஒன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள், வேண்டிக்கொண்டாயிற்று, இனிமேல் தின்னலாம். பூங்காவனம் தின்னவில்லை. எழுந்து என்னிடம் வந்தாள். வழக்கமாக ஓடிவந்து தோளில் கையைப் போட்டு இழுத்துத்தான் பேசுவாள், நான் தட்டிவிடுவேன், அடுத்த தடவையும் போடுவாள். இப்போது இரண்டடி தள்ளியே நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். "நீங்க ஸ்டாஃப் ஆயிட்டீங்கன்னு அந்தம்மாகிட்ட சொன்னீங்களே, கேட்டேன். எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்றாள். குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். பூங்காவனத்துக்கு அதெல்லாம் வராது. முகம் முழுக்க நிஜமான சந்தோஷம்தான், வாயோரத்தில் காலைச் சட்னி இன்னும் போகாமல் இருந்தது, முந்தானையால் துடைத்துவிட வேண்டும் போல எனக்குக் கை வந்தது. "மேடம்," என்றாள், "ஒண்ணுக்குப் போயிட்டு வரட்டுங்களா?" நான் அக்காதான்டி என்று சொல்ல வேண்டும். சொல்ல நேரமும் இருந்தது. பத்தடி தள்ளி ரெஜினா மேடம் நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், பேனாவை இன்னும் மூடவில்லை.

"போயிட்டு வா" என்றேன்.